லேப்டாப் ரேம் கூட்டும்போது வேகம் பொருந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் ரேம் கூட்ட நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானவற்றை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் ஒரே லேப்டாப்பை வைத்துக்கொள்கிறேன்: இன்டெல் கோர் ஐ5-8250யு பிராசஸர், ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4-2400 ரேம் (டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை, 2400 அதன் வேகம்), இன்னொரு ஸ்லாட் காலி. 2018 வாக்கில் வாங்கிய லேப்டாப்புகளில் இது மிகவும் பழக்கமான அமைப்பு.

"ரேம்ல 2400, 3200னு போட்டிருக்கே, அது என்ன? மெகாஹெர்ட்ஸா?"

ஒரு நொடியில் எத்தனை மில்லியன் முறை தரவு கைமாறுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கடைகளில் அதை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லியே பழகிவிட்டார்கள். ஆனால் ரேமின் உண்மையான கடிகார வேகம் அந்த எண்ணில் பாதிதான். ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் தரவு செல்வதால், 1200 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் ரேம் நொடிக்கு 2400 மில்லியன் கடத்தல்களைச் செய்கிறது.

ஒரு ரேம் ஸ்டிக் (ஸ்லாட்டில் செருகும் ரேம் பலகை) ஒரே நேரத்தில் 64 பிட், அதாவது 8 பைட் அகலத்தில் தரவைக் கடத்துகிறது. ஆகவே 2400ஐ 8ஆல் பெருக்கினால் நொடிக்கு 19,200 மெகாபைட் கிடைக்கும். சில ஸ்டிக்குகளில் பிசி4-19200 என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான். 2666க்கு அது 21300, 3200க்கு 25600. பெரிய எண்ணைப் பார்த்து வேறு வகை ரேம் என்று கலங்க வேண்டியதில்லை.

"என் லேப்டாப்புக்கு எந்த ரேம் சேரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, தலைமுறையை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று சேராதவை. லேப்டாப் ஸ்டிக்குகளில் டிடிஆர்3க்கு 204 முனைகள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் வெட்டப்பட்ட பள்ளமும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். சாதாரணமாக உட்காராத ஸ்டிக்கை அழுத்தி உட்கார வைக்க முயன்றால் ஸ்லாட் உடைந்துவிடும். மேசைக் கணினியின் நீளமான ரேமும் லேப்டாப்பில் நுழையாது. லேப்டாப்புக்கு எஸ்ஓ-டிம் எனப்படும் குட்டையான வடிவம் தேவை.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், இப்போது ஓடும் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் கீழே தெரியும். மேலும் விவரம் வேண்டுமானால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் எஸ்பிடி பகுதி ஸ்டிக்கின் தயாரிப்பாளர், வேகம், அளவு எல்லாவற்றையும் காட்டும். இருந்தாலும், வாங்கும் முன் பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுவதே உறுதியான வழி.

பிராசஸரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஐ5-6200யு பிராசஸர் டிடிஆர்4-2133ஐயும் ஏற்கும், டிடிஆர்3எல்-1600ஐயும் ஏற்கும். ஆகவே ஒரே பிராசஸர் கொண்ட இரண்டு லேப்டாப்புகளில் இரண்டு தலைமுறை ரேம் இருக்கக்கூடும். மதர்போர்டில் எந்த ஸ்லாட்டை வைத்திருக்கிறார்கள் என்பதே அங்கே முடிவு.

"ஸ்டிக்கர்ல ஏதேதோ எழுத்து இருக்கு. அதுல எதைப் பார்க்கணும்?"

நம் எடுத்துக்காட்டு லேப்டாப்பில் உள்ள ஸ்டிக்கில் '8ஜிபி 1ஆர்×8 பிசி4-2400டி' என்று தொடங்கும் வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8ஜிபி என்பது அளவு. 1ஆர்×8 என்பது சில்லுகள் அடுக்கப்பட்ட விதம். அதைப் பின்னால் விளக்குகிறேன். பிசி4 என்பது டிடிஆர்4. 2400 என்பது வேகம். அடுத்து வரும் எழுத்து அந்த வேகத்துக்குரிய தாமத வகையை, அதாவது தரவைக் கேட்டபின் காத்திருக்கும் அளவைக் குறிக்கிறது: 2133க்குப் பெரும்பாலும் பி (P), 2400க்கு டி (T), 2666க்கு வி (V), 3200க்கு ஏஏ (AA). இந்த ஒரு வரியைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கடையில் காட்டினால், லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்வதைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

"என் லேப்டாப்ல 2400 இருக்கு. கடையில 3200தான் இருக்குன்றாங்க. போட்டா ஏதாவது ஆயிடுமா?"

ஒன்றும் ஆகாது. இரண்டும் டிடிஆர்4, இரண்டுக்கும் 1.2 வோல்ட். 3200 ஸ்டிக் 2400 வேகத்துக்கு இறங்கி, பழைய ஸ்டிக்கோடு சேர்ந்து ஓடும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி எனப்படும் மிகச் சிறிய நினைவுச் சில்லு ஒன்று இருக்கிறது. அந்த ஸ்டிக் அதிகபட்சம் எந்த வேகத்தைத் தாங்கும், எந்தெந்தத் தாமத அளவுகளில் ஓடும் என்ற விவரங்கள் அதில் பதிந்திருக்கும். லேப்டாப்பை இயக்கியதும், திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே, பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) எல்லா ஸ்டிக்குகளின் எஸ்பிடியையும் படித்து, பிராசஸரின் வரம்பையும் பார்த்து, அனைத்துக்கும் பொதுவான வேகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பொது வேகம் எப்போதும் கூட்டத்திலேயே மெதுவானதன் வேகமாகத்தான் இருக்கும். ஒரு ஸ்டிக் 2400இலும் மற்றொன்று 3200இலும் தனித்தனியாக ஓடுவது என்பது கிடையாது.

"அப்போ 3200 வாங்கினா காசு வீண்தானே?"

விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டுமே வீண். புதிய டிடிஆர்4 ஸ்டிக்குகளில் இப்போது 3200தான் எளிதாகக் கிடைக்கிறது. 2400ஐத் தேடி அலைந்து, பழைய சரக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. நாளை வேறு டிடிஆர்4 லேப்டாப்புக்கு மாறினால் அந்த 3200 ஸ்டிக் அங்கே தன் முழு வேகத்தில் ஓடவும் வாய்ப்பிருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றென்றால் தயங்காமல் 3200ஐ வாங்குங்கள்.

"பழைய 2400 ஸ்டிக் சும்மா கிடக்கு. அதை 3200 ஓடுற லேப்டாப்ல போடலாமா?"

ஓடும், ஆனால் ஏற்கெனவே 3200இல் ஓடிக்கொண்டிருந்த ஸ்டிக்கும் 2400க்கு இறங்கிவிடும். இதற்கு முந்தைய கேள்விகளில் வேகமான ஸ்டிக் மட்டும் தன் திறனை விட்டுக்கொடுத்தது. இங்கே லேப்டாப்பே தன் வேகத்தை இழக்கிறது. அப்படியானால் போடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 8 ஜிபி போதாமல் லேப்டாப் திணறுகிறது, கையில் பணமும் இல்லை என்ற நிலையில் அந்தப் பழைய ஸ்டிக் பெரும் உதவி. ரேம் நிரம்பி எஸ்எஸ்டியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும் லேப்டாப், 2400இல் ஓடும் லேப்டாப்பைவிடப் பல மடங்கு மெதுவானது.

"ரெண்டு ஸ்டிக்கும் 3200 போட்டேன். ஆனா டாஸ்க் மேனேஜர்ல 2400னுதான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

பெரும்பாலும் இல்லை. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று ஒரு வேக வரம்பு உண்டு. டிடிஆர்4ஐப் பொறுத்தவரை ஐ5-7200யுவின் வரம்பு 2133, ஐ5-8250யுவின் வரம்பு 2400, ஐ5-10210யுவின் வரம்பு 2666, ஐ5-1135ஜி7இன் வரம்பு 3200. ஏஎம்டி பக்கம் ரைசன் 5 3500யு 2400 வரையும், ரைசன் 5 5500யு 3200 வரையும் செல்லும். நம் எடுத்துக்காட்டு லேப்டாப்பில் எவ்வளவு வேகமான ரேமைப் போட்டாலும் 2400ஐத் தாண்டாது. அது ரேமின் குறையல்ல. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் பிராசஸரின் முழுப் பெயரையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதன் மெமரி வகைகள் என்ற வரியைப் பார்த்துவிடுங்கள். அதிகபட்ச அளவும் அங்கேயே இருக்கும். 8250யுவுக்கு அது 32 ஜிபி. லேப்டாப் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் இதைவிடக் குறைந்த அளவு போட்டிருந்தால், கையேட்டை நம்பி வாங்குவதே பாதுகாப்பானது.

"சிபியு-இசட்ல 1197 மெகாஹெர்ட்ஸ்னு காட்டுது. 2400 எங்கே போச்சு?"

முதல் கேள்வியின் விடையைப் பாருங்கள். சிபியு-இசட் காட்டுவது உண்மையான கடிகார வேகம். அதை இரண்டால் பெருக்கிக்கொண்டால் ஏறக்குறைய 2400 வந்துவிடும். சில எண்கள் முன்பின்னாக இருப்பது இயல்பு.

"வேகம், அளவு, டூயல் சேனல்... இதுல எதுக்கு முதல் மரியாதை?"

என் கருத்தில் முதலில் அளவு, அடுத்து டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்குகளைப் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் முறை), அதன்பிறகே வேகம். வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் டூயல் சேனலைக் கேட்பதே இல்லை; பலன் அதிகமாக இருப்பதோ அங்கேதான்.

கணக்கைப் பார்ப்போம். 2400 வேகத்தில் ஒரு ஸ்டிக் நொடிக்கு 19,200 மெகாபைட் கடத்தும். அதே வேகத்தில் இரண்டு ஸ்டிக்குகளை இரண்டு சேனல்களில் போட்டால், பிராசஸர் இரண்டையும் ஒரே நேரத்தில் அணுகுவதால் உச்ச அளவு 38,400ஆக உயர்கிறது. ஒரே ஒரு 3200 ஸ்டிக்கோ தன் முழு வேகத்தில் ஓடினாலும் 25,600தான். அதாவது மெதுவான இரண்டு ஸ்டிக், வேகமான ஒரு ஸ்டிக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரே 16 ஜிபி ஸ்டிக்குக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

இணையம், அலுவலக வேலை போன்றவற்றில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் விளையாடுபவர்களுக்கும் வீடியோ தொகுப்பவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். ஏனெனில் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, அது ரேமையே பங்குபோட்டுக்கொள்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5, ஐ7 லேப்டாப்புகள் பலவற்றில் இதைக் கண்ணாலேயே காணலாம். ஒரே ஸ்டிக் இருக்கும்போது யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டும் அதே லேப்டாப், இரண்டாவது ஸ்டிக் போட்டதும் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும்.

"4 ஜிபி ஒண்ணு, 8 ஜிபி ஒண்ணுன்னு போட்டா டூயல் சேனல் வேலை செய்யுமா?"

பகுதியாக வேலை செய்யும். இன்டெல் பிராசஸர்களில், 4 ஜிபி ஸ்டிக் முழுவதும் 8 ஜிபி ஸ்டிக்கின் முதல் 4 ஜிபியோடு சேர்ந்து, மொத்தம் 8 ஜிபி டூயல் சேனலில் இயங்கும்; மீதி 4 ஜிபி மட்டும் ஒற்றைச் சேனலில் இயங்கும். சம அளவு ஸ்டிக்குகள் சிறந்தவை என்பது உண்மைதான். ஆனால் நன்றாக இருக்கும் 4 ஜிபி ஸ்டிக்கைத் தூக்கி எறிவதற்கு அது போதுமான காரணமல்ல.

"வேற வேற கம்பெனி ரேம் கலந்து போடலாமா? சிஎல்னு ஒண்ணு சொல்றாங்களே?"

கலக்கலாம். பயாஸ் பார்ப்பது எஸ்பிடியில் உள்ள எண்களை. ஸ்டிக்கரில் உள்ள நிறுவனத்தின் பெயரை அல்ல. சிஎல் என்பது தரவைக் கேட்டதற்கும் அது வரத் தொடங்குவதற்கும் இடையில் கழியும் துடிப்புகளின் எண்ணிக்கை. இரண்டு ஸ்டிக்கிலும் அது வேறுபட்டால் இரண்டுக்கும் ஒத்துவரும் தளர்வான அளவைப் பயாஸ் எடுத்துக்கொள்ளும்.

சிஎல் எண் பெரிதாக இருப்பதால் ரேம் மெதுவானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பொதுவாகக் கிடைக்கும் 2400 ரேமுக்கு சிஎல் 17, 3200 ரேமுக்கு சிஎல் 22. துடிப்பின் நீளத்தோடு பெருக்கிப் பார்த்தால் முதலாவது சுமார் 14.2 நானோ நொடி, இரண்டாவது 13.75 நானோ நொடி. எண் உயர்ந்திருக்கிறது, காத்திருக்கும் நேரம் சற்றுக் குறைந்திருக்கிறது.

"ரெண்டு ஸ்டிக்கும் 8 ஜிபி 3200தான். ஆனா ஒண்ணுல 1ஆர்×8, இன்னொண்ணுல 1ஆர்×16னு இருக்கு. பிரச்சினையா?"

சேர்ந்து ஓடும். 1ஆர்×8 ஸ்டிக்கில் எட்டுச் சில்லுகள் இருக்கும். 1ஆர்×16 ஸ்டிக்கில் அடர்த்தி கூடிய நான்கு சில்லுகள் மட்டுமே இருக்கும். டிடிஆர்4இல் ×8 சில்லுக்குள் நான்கு வங்கிக் குழுக்கள் (தனித்தனியாக வேலை செய்யக்கூடிய நினைவகப் பிரிவுகள்) உண்டு, ×16 சில்லுக்குள் இரண்டுதான். அதனால் ஒரே வேக எண் இருந்தாலும் ×16 ஸ்டிக், குறிப்பாக விளையாட்டுகளில், கொஞ்சம் பின்தங்கும். கடையில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் ×8ஐக் கேட்டு வாங்குங்கள்.

"பழைய டிடிஆர்3 லேப்டாப். 1600 ஸ்டிக் வாங்கிப் போட்டேன், வேகம் சரியா இருந்தும் ஆன் ஆகலை. ஏன்?"

வேகம் பொருந்தியிருக்கும், மின்னழுத்தம் பொருந்தியிருக்காது. டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடுவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடுவது. பள்ளம், முனைகள், வேகம் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் ஸ்டிக் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் ஐ5-4210யு போன்ற நான்காம் தலைமுறைப் பிராசஸர் லேப்டாப்புகள் 1.35 வோல்ட் மட்டுமே தருவதால், பழைய வகை ஸ்டிக் விழிக்காமலே போய்விடும்.

ஸ்டிக்கரில் பிசி3எல்-12800 என்று, அந்த 'எல்' எழுத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்3எல் ஸ்டிக் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால், எந்த வகை என்று தெரியாதபோது எல் உள்ளதை வாங்குவதே நல்லது. சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் பழைய ஸ்டிக் வாங்கும்போது இந்த ஓர் எழுத்தைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

"4 ஜிபி மதர்போர்டுலயே ஒட்டி இருக்காம், ஒரு ஸ்லாட் மட்டும் இருக்கு. எந்த வேகம் வாங்கணும்?"

மதர்போர்டில் பற்றவைத்த ரேமும் ஒரு ஸ்டிக் போலத்தான். பொது வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்குண்டு. டாஸ்க் மேனேஜரில் இப்போது காட்டும் வேகத்துக்குக் குறையாத ஸ்டிக்கை வாங்கினால் போதும். அளவு வேறுபட்டால் 4 ஜிபி, 8 ஜிபி கேள்விக்குச் சொன்ன விடை இங்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எல்பிடிடிஆர் எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை ரேம் கொண்ட மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஸ்லாட்டே இருக்காது. எம்1 முதலான ஆப்பிள் சில்லு கொண்ட மேக்புக்குகளிலும் அப்படியே. அவற்றில் வாங்கும்போது எடுத்த அளவே கடைசிவரை. புது லேப்டாப் வாங்குபவர்கள் இதைக் கடையிலேயே கேட்டுத் தெளிவது மிக மிக அவசியம்.

"கேமிங் ரேம்னு எக்ஸ்எம்பி உள்ளது வாங்கலாமா?"

எக்ஸ்எம்பி என்பது வழக்கமான அட்டவணையைத் தாண்டிய வேகத்தை எஸ்பிடியில் தனிப் பகுதியாக எழுதி வைக்கும் முறை. மேசைக் கணினியின் பயாஸில் அதை இயக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட லேப்டாப்பில், அட்டையில் 3200 என்று போட்ட ஸ்டிக் 2133க்கோ 2400க்கோ இறங்கிவிடக்கூடும். டிடிஆர்4 லேப்டாப் ஸ்டிக்கில் 1.2க்குப் பதிலாக 1.35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், அந்த வேகம் பெரும்பாலும் எக்ஸ்எம்பியை நம்பியே இருக்கிறது என்று கொள்ளலாம். லேப்டாப்புக்கு 1.2 வோல்ட்டில் 3200 என்று சொல்லும் சாதாரண ஸ்டிக்கே தக்கது.

"டிடிஆர்5 4800 இருக்கு, கூட 5600 போடலாமா? ஒரே ஸ்டிக்லயே டூயல் சேனல் வந்துடுதாமே?"

போடலாம், நான்காவது கேள்வியில் சொன்ன விதி டிடிஆர்5க்கும் அப்படியே செல்லும், இரண்டும் 4800இல் ஓடும். பிராசஸர் வரம்பும் முன்போலவே: ரைசன் 7 6800எச் 4800 வரை, ரைசன் 7 7840எச்எஸ் 5600 வரை.

இரண்டாவது பகுதி பரவலாக நிலவும் தவறான புரிதல். டிடிஆர்5 ஸ்டிக் தன் 64 பிட் அகலத்தை இரண்டு 32 பிட் துணைச் சேனல்களாகப் பிரித்துக்கொள்கிறது. மொத்த அகலம் கூடவில்லை. ஆகவே இரண்டாவது ஸ்டிக்கின் பலன் டிடிஆர்5இலும் குறையாமல் இருக்கிறது.

"புது ரேம் போட்டதும் ஸ்கிரீன் கருப்பாவே நிக்குது. என்ன பண்றது?"

டிடிஆர்5 என்றால் முதலில் பொறுத்திருங்கள். புதிய ஸ்டிக்கோடு முதல் முறை இயங்கும்போது பிராசஸர் ரேமைப் பல நிலைகளில் சோதித்துச் சரிசெய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த நேரத்தில் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதன்பிறகும் திரை வரவில்லை என்றால், சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ஸ்டிக்கை வெளியே எடுங்கள். மீண்டும் போடும்போது சாய்வாக வைத்து, தங்க நிற முனைகள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகள் 'டக்' என்று பிடிக்க வேண்டும். முனைகள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் ஸ்டிக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் பயனில்லை என்றால் புதிய ஸ்டிக்கை மட்டும் தனியாகவும், பழையதை மட்டும் தனியாகவும், இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். புதியது தனியாக ஓடிச் சேர்ந்து ஓட மறுத்தால் பயாஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம். எந்த ஸ்லாட்டிலும் தனியாகவே ஓடவில்லை என்றால், வகையும் மின்னழுத்தமும் சரிதானா என்று மறுபடி பார்த்துவிட்டு, கடையில் மாற்றிக் கேளுங்கள்.

"ஓடுது, ஆனா அப்பப்போ ப்ளூ ஸ்கிரீன் வருது. வேகம் சேராததாலயா?"

வேகம் வேறுபடுவதால் மட்டும் இப்படி ஆவது அரிது. பயாஸ் பொது வேகத்துக்கு இறக்கிவிட்ட பிறகு இரண்டு ஸ்டிக்கும் தம் வரம்புக்குள்தான் ஓடுகின்றன. ஸ்டிக்கில் பழுதான பகுதி ஒன்று இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை இயக்கி, ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே சோதித்து, பிழை தருவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'ஒரு பிழைதானே' என்று விட்டால், சேமிக்கும் கோப்புகள் உங்களுக்குத் தெரியாமலேயே கெட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையை ரேம் வாங்கிய வாரத்திலேயே, கடையில் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.